முத்துப் பொடி

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ நன்றாக இருக்கிறது, அம்மா. பால் கொஞ்சம் நீர்த்ததுதான், ஆனால் நாணயமாகத் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். கலக்குகிற வேலையிலேயே இருந்தவன் என்பதால் எனக்கு அது நாக்கில் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. மகன் தன் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறான், வீட்டில் பெரியவர் நீங்கள், உங்களுக்கு இதில் ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆட்சேபம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

நானும் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். களிம்பு டியூபில் வருவதற்கு முந்திய ஆள். பளிங்குக் கல்லின் மேல் மெழுகையும் மருந்தையும் போட்டுக் கத்தியால் குழைத்து, டப்பாவில் வழித்துக் கொடுப்போம். என் களிம்பில் ஒரு துகள் நெருடாது. பெரிய டாக்டரே விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, உம்ம கை என்ன வெண்ணெயில் செய்ததா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. கதை அளப்பது. அதற்கு ஓய்வு கிடையாது. வழுக்கைக்கு நான் செய்த தைலத்தைத் தடவிக்கொண்ட ஒருவர் கையைத் துடைக்காமல் கதவைத் திறந்துவிட்டார், ஒரே வாரத்தில் கதவுக்குத் தாடி முளைத்து நாவிதரைக் கூப்பிட வேண்டியதாயிற்று என்று சொல்வேன். சிரிக்காமல் சொல்வேன். நாவிதர் கதவுக்கு எவ்வளவு கூலி கேட்டார், கிருதா வைக்கலாமா என்று கேட்டாரா என்பதெல்லாம் சொல்வேன். சாப்பிடும்போது நான் இப்படி ஒன்றை எடுத்துவிட்டால், முடிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் ஒரே குரலில் "நம்பிட்டோம்" என்பார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி இருந்தபோது அவள் ஆரம்பித்துவைத்தது. அவளுக்குப் பிறகு மகன் சொன்னான். மருமகள் வந்த பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை நான் மகளாகத்தான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

அவள் நல்ல கறுப்பு. அவளை முதல்முதலில் பார்த்த அன்று உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். என் மகன் எலக்ட்ரீஷியன். நான், "இவனுக்குப் பொருத்தமான பொண்ணுதான். கரண்ட் போனா தேடறதுக்கு டார்ச் எப்பவும் கையிலயே வெச்சிருக்கான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எத்தனையோ கதை அளந்திருக்கிறேன், அம்மா. அன்று ஒருத்தரும் நம்பிட்டோம் என்று சொல்லவில்லை.

இருந்தாலும் அவள் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் வைக்கலாம் என்று ஆரம்பித்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த என்னை அவள்தான் எழுப்பினாள். "மாமா, கடையில விக்கிற க்ரீம் எல்லாம் என்னென்னவோ கெமிக்கல். நீங்க உங்க கையால சுத்தமா ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்றாள். பழைய பளிங்குக் கல்லைத் தேடி எடுத்து, கழுவி, பின்னறையில் மேசை போட்டுக் கொடுத்தாள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருத்தர் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்குகிறாயா என்று கேட்டுச் சமாளித்தேன்.

முதலில் சுத்தமாகத்தான் செய்தேன். பாதாம் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர். வேறொன்றும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மாதான் எங்கள் முதல் வாடிக்கையாளர். டப்பாவைத் தீர்த்துவிட்டு வந்து, வாசனை நல்லா இருக்கு, ஆனா மூஞ்சி மூஞ்சியாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். மருமகள் தன்னுடைய சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளைப் பொடி நினைவுக்கு வந்தது. பாதரச உப்பு. எங்கள் மருந்தகத்தில் ஒரு காலத்தில் தோல் நோய்க்கு அதைக் களிம்பில் சேர்ப்போம். படைக்குப் பூசிக்கொண்டவர்களுக்குப் படை போகும், கூடவே பூசின இடம் வெளுக்கும். பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நரம்பைக் கெடுக்கிறது, இனித் தொடக் கூடாது என்று. மருந்தகத் தலைவர் எங்களை வரிசையாக நிற்கவைத்து வாசித்துக் காட்டினார். மிச்சமிருந்த ஜாடிகளுக்கு அரக்கு வைத்து மூடியது நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்ல வழியில்லை.

ரசாயனச் சாமான் விற்கிற கடையில் போய்க் கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். கதவுக்குத் தாடி முளைக்கிறது, அதை நிறுத்த என்றேன். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அதை ஒரு தகர டப்பாவில் கொட்டி, முத்துப் பொடி என்று பெயர் சொன்னேன். அதற்கும் ஒரு கதை வேண்டாமா. சூரிய வெளிச்சமே படாத ஆழத்தில் ஒரு சிப்பி இருக்கிறது, வெட்கப்படுகிற சுபாவம், அதைப் பிடிக்கப் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு வேறு யாரையோ தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டே போக வேண்டும், அதன் முத்தை அரைத்தால் இந்தப் பொடி என்றேன். "நம்பிட்டோம்" என்றார்கள் இரண்டு பேரும். சிப்பி வெட்கப்பட்டதைத்தான் அவர்கள் நம்பவில்லை. முத்துப் பொடியை நம்பிவிட்டார்கள். பொய்யில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்தால், அந்தக் கூடுதலைக் கழித்துக்கொண்டு மீதியை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இது பழகின அளவு.

குழைக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்வேன். மூக்கை மூடிக் கட்டிக்கொள்வேன். எங்க மாமா கை படாம செய்வாரு, அவ்வளவு சுத்தம் என்று மருமகள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். முதல் டப்பாவை அவள்தான் பூசினாள். கடைக்காரியே பூசாத க்ரீமை யார் வாங்குவார்கள் என்றாள். அதுவும் நியாயம்தானே. காலையிலும் பூசினாள், படுக்கப் போகும்போதும் பூசினாள். சில வாரத்தில் அவள் முகம் மாறியது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பிறகு கழுத்துக்கும் பூச ஆரம்பித்தாள். உறவுக்காரர்கள் ஆளை அடையாளம் தெரியவில்லையே என்றார்கள். வங்கி அம்மா தங்கையோடு திரும்பி வந்தார். சுழல் நாற்காலி காலியாக இருப்பதில்லை.

ஒரு நாள் மருமகள் பின்னறைக்கு வந்து விரலை நீட்டினாள். மோதிரம் நிறம் மாறியிருந்தது. தங்கத்தின் மேல் சாம்பல் வெள்ளை படர்ந்திருந்தது. பாதரசம் பட்டால் தங்கம் அப்படித்தான் ஆகும். மருந்தகத்தில் அந்த ஜாடியைத் தொடும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். அவள் மோதிரத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம க்ரீம் தங்கத்தையே வெளுக்க வைக்குது கண்ணு. உன் தோல் எம்மாத்திரம்" என்றேன்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மெருகு போட்டுக்கொள்ளலாம் என்று மகன் சொன்னபோதுகூட வேண்டாம் என்றுவிட்டாள். கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த விரலைக் காட்டித்தான் விற்றாள்.

கடைக்கு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒருத்தியைப் பற்றி மட்டும் நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் பக்கம் கொஞ்சம் நல்லதும் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு தையல்காரி வருவாள். குழந்தைக்கும் பூசலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். குழந்தைக்கென்று பாதாம் எண்ணெயில் தனியாக ஒன்று செய்து, காசு வாங்காமல் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே தன் முகத்துக்கு ஒரு டப்பாவிலிருந்து பூசிக்கொண்டு, அதே கையால் இன்னொரு டப்பாவிலிருந்து எடுத்துக் குழந்தைக்குப் பூசினாள். நான் டீ குடிக்க எழுந்து போய்விட்டேன். அவள் இப்போது வருவதில்லை. வீடு மாறியிருப்பார்கள்.

மருமகளுக்கு முதலில் கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்றாள். பிறகு கண்ணுக்குக் கீழே வீங்கியது. தூக்கம் போதவில்லை என்றாள். சிறுநீர் நுரைக்கிறது என்று மகன் தயங்கித் தயங்கி என்னிடம்தான் சொன்னான். அப்பா மருந்தகத்தில் இருந்தவர், அவருக்குத் தெரியும் என்று. எனக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன்.

அவன் அதோடு விடாமல் அவளை இங்கே அழைத்து வந்துவிட்டான். உங்கள் டாக்டர், அந்த உயரமானவர், நல்ல மனிதர். சிறுநீரில் சத்து ஒழுகிப் போகிறது என்றார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா, முகத்துக்கு ஏதாவது பூசுகிறாயா என்று சரியான கேள்வியைக் கேட்டார். எங்க மாமாவே வீட்டுல செய்யற க்ரீம்தான் டாக்டர், கெமிக்கலே கிடையாது என்றாள் அவள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் யார் என்று தெரிந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, தொழில்காரரிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"பெரியவரே, அதுல வேற எதுவும் சேக்கறதில்லையே?"

"பாதாம் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர்" என்றேன்.

அதில் மூன்றுமே உண்மை. கதவுத் தாடி இல்லை, சிப்பி இல்லை. இவ்வளவு சுருக்கமாக நான் வாழ்க்கையில் பேசியதே இல்லை.

அவர் கெட்டிக்காரர். எதற்கும் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுங்கள், பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். நான் வீட்டுக்குப் போய்ப் பளிங்குக் கல்லைக் கொதிநீரில் கழுவினேன். புதுக் கத்தி எடுத்தேன். முத்துப் பொடி இல்லாமல் ஒரு டப்பா செய்து, மேலாகக் கொஞ்சம் விரலால் வழித்து, பாதி பயன்படுத்தின மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாழ்நாளில் நான் செய்ததிலேயே அதுதான் மிக நல்ல க்ரீம். பட்டுப் போல இருந்தது.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் என் கையைப் பிடித்து, சந்தேகப்பட்டதற்குத் தப்பாக நினைக்காதீர்கள் என்றார். பரவாயில்லை, உங்கள் கடமை என்றேன். ஆஸ்பத்திரியிலயே பார்த்து நல்லதுன்னு சொல்லிட்டாங்க என்று மருமகள் படுக்கையிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்தாள். வேறு எதனாலோ வந்த நோய் என்று அவளுக்கு வேறு மருந்துகள் கொடுத்தார்கள்.

என்னை ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு நான் பொடியை நிறுத்திவிட்டேன். உண்மையாகவே நிறுத்தினேன். அவளுக்குச் சுத்தமானதையே செய்து கொடுத்தேன். கால் வீக்கம்கூடக் கொஞ்சம் வடிந்தது. ஆனால் வெளுத்த தோல் பழையபடி திரும்ப ஆரம்பித்தது. முன்பைவிடக் கறுத்துத் திட்டுத் திட்டாக. மாத்திரையில் முகம் வேறு ஊதியிருந்தது. ஒரு நாள் பின்னறை வாசலில் வந்து நின்றாள். துண்டால் முகத்தை மூடியிருந்தாள்.

"மாமா, இப்ப செய்யறதுல உங்க கை மாறிடுச்சு. பழைய மாதிரி செய்ங்க."

"உடம்பு முதல்ல தேறட்டும் கண்ணு" என்றேன்.

"கரண்ட் போனா தேடற பொண்ணா மறுபடியும் என்னால இருக்க முடியாது மாமா."

அத்தனை வருஷமாக அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் மறந்தே போயிருந்தேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. துண்டுக்குள்ளிருந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தகர டப்பாவை எடுத்தேன். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தெரியும்.

பிறகு எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வயசா, பொடியா, சொல்லத் தெரியவில்லை. கையுறையையும் மீறி உள்ளே போயிருக்கலாம். குழைக்கிற வேலையை அவளே கற்றுக்கொண்டாள். பொடி எந்தக் கடையில் வாங்குவது என்றும் தெரிந்துகொண்டாள். நான் கையுறையை எடுத்துக் கொடுத்தேன். அது போட்டா பதம் தெரியலை மாமா என்று கழற்றி வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நல்லா குழைக்கிறே கண்ணு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் கையும் வெண்ணெய் மாதிரிதான்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொன்ன பிறகு, வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனாள். நான்தான் துணைக்கு வருவேன். மெஷின் ஓடுகிற நேரம் முழுக்கக் கதை சொல்வேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட என்னை எதிர்பார்த்திருப்பார்கள். உங்கள் நர்சுகளைக் கேளுங்கள், தெரியும். வீட்டில் நான் சவரம் செய்வதைக் கண்ணாடி இல்லாமல் பழகிக்கொண்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை. வயதானவன் கன்னத்தில் வெட்டுக் காயம் இருப்பது ஒரு பெரிய விஷயமா.

இப்போது மகன் கொடுக்கிறேன் என்கிறான். பொருந்துகிறது என்று சொல்லிவிட்டீர்கள். போன வாரம் உங்கள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எதனால் கெட்டது என்பது தெரியாமலே புதிதாக ஒன்றை வைக்கிறோம், அதே காரணம் உள்ளே இருந்தால் இதுவும் கெடலாம் என்றார். மகன், பரவாயில்லை டாக்டர் என்றான். என்னால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். நேராகத்தான் சொன்னேன். "கண்ணு, அது முத்துப் பொடி இல்ல. பாதரசம். அதுதான் உன் கிட்னியைத் தின்னுச்சு. எனக்கு ஆரம்பத்திலேருந்தே தெரியும்" என்றேன்.

மகன் தலை தூக்கவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல. வீட்டுக்குள் யாரோ புது ஆள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்தாள். அவள் நம்பிவிட்டாள், அம்மா. என் கதைகளில் அவள் கழிக்காமல் முழுசாக நம்பிய முதல் கதை அது. இன்னும் கொஞ்ச நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

என்னால் அந்தப் பார்வைக்கு எதிரில் இருக்க முடியவில்லை. வாய் தானாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதரசம் எங்கிருந்து வந்தது தெரியுமா, ஒரு யானைக்குக் காய்ச்சல் வந்தது, அதற்கென்று தென்னை மர உயரத்தில் தெர்மாமீட்டர் செய்தார்கள், யானை அதைக் கரும்பு என்று நினைத்துக் கடித்துவிட்டது, கொட்டினதை நான் பக்கெட்டில் பிடித்து வந்தேன் என்றேன். சிரிக்காமல்தான் சொன்னேன்.

அவள் முகம் மெதுவாகத் திரும்பி வந்தது. கரண்டியை எடுத்தாள். "ஒரு நிமிஷம் பயந்தே போய்ட்டேன் மாமா" என்றாள். பிறகு அவனும் அவளும் சேர்ந்து, "நம்பிட்டோம்" என்றார்கள்.

தகர டப்பாவை மறுநாளே எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். அவள் சாயங்காலமே வேறு வாங்கிவந்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ பேர் பார்க்க வருவார்கள், முகம் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதே செய்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் மறுபடி சொன்னால் சிரிப்பாள். மகனும் சிரிப்பான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் கதைகள் பழக்கமில்லை.

உங்கள் டாக்டரிடம் சொல்லி அவள் ரத்தத்தில் பாதரசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கிற டப்பாவை நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்துத் தந்தால் நம்பாதீர்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள், வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நாள் எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவளை மகளாகத்தான் நினைத்தேன், முதலிலேயே சொன்னேனே. ஆனால் இதுவரை கெட்டதெல்லாம் அவளுடையது. இனி உள்ளே வைக்கப் போவது என் பிள்ளையுடையது இல்லையா.